செம்பில் காய்ச்சிய பால்

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு தோழி புதுச் செப்புப் போத்தல் ஒன்றோடு வந்தா. பளபளவென்று நல்ல வடிவான போத்தல். இரவில் தண்ணி நிறைச்சு வைச்சு விடிய வெறும் வயித்தில குடிச்சா ஈரல் சுத்தமாகும், உடம்பில ஒட்சியேற்ற எதிரிகள் கூடும் எண்டு அதன் பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. அன்று பேச வேண்டிய நாவலை விட்டுவிட்டு எல்லாரும் போத்தலைப் பற்றித்தான் கதைத்தோம். ஒருவர் சொன்னார்: "எங்கட அம்மம்மா பித்தளையில புளிக்கறி வைக்க விடவே மாட்டா. களிம்பு இறங்கும் எண்டு பேசுவா." அம்மம்மா சரியா, போத்தல் பெட்டி சரியா? இந்தக் கேள்வியோடு தேடி வாசிக்கத் தொடங்கிய நாங்கள் வந்து நின்ற இடம் பால் குடிக்கும் குழந்தைகளின் ஈரல். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

தமிழில் செம்பு என்றால் உலோகமும் அதுதான், பாத்திரமும் அதுதான். செம்போடு நாகம் சேர்த்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம். குடம், அண்டா, கிடாரம், மூக்குப்பேணி, குத்துவிளக்கு என்று ஒரு வீட்டின் வசதியை இந்த உலோகங்களை வைத்தே எடை போட்ட காலம் இருந்தது. களிம்பும் எங்கள் மொழிக்குப் புதிதில்லை. ஆணவ மலம் உயிரோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்று விளக்க சைவ சித்தாந்திகள் எடுத்த உவமை செம்பும் களிம்பும்தான். புளிப்பான பண்டம் பட்டால் செம்பு கரையும் என்பதையும் சனம் நன்றாக அறிந்திருந்தது. அதனால்தான் புளியால் மினுக்கினார்கள், உள்ளே வெள்ளீயம் பூசினார்கள், மோரையும் ரசத்தையும் வேறு சட்டியில் வைத்தார்கள். இந்த அறிவில் ஒரு ஓட்டை இருந்தது. பால் புளிக்காத பண்டம். அதைப் பித்தளையில் காய்ச்ச யாரும் பயப்படவில்லை.

1887ல் கல்கத்தாவில் சென் என்ற வைத்தியர் சின்னக் குழந்தைகளுக்கு வரும் ஒரு ஈரல் நோயைப் பதிவு செய்தார். பெரும்பாலும் ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள். முதலில் பிள்ளை சிணுங்கும், சாப்பிடாது, வயிறு உப்பும். தொட்டுப் பார்த்தால் ஈரல் கல்லுப்போல இருக்கும், அதன் ஓரம் கூராகத் தட்டுப்படும். பிறகு கண் மஞ்சளாகும், வயிற்றில் நீர் சேரும். செங்கமாரி கண்ட பிறகு பெரும்பாலான பிள்ளைகளுக்கு மிஞ்சியது சில மாதங்கள்தான். மருத்துவ நூல்கள் இதற்கு 'இந்தியக் குழந்தைப்பருவ சிரோசிஸ்' என்று பெயர் வைத்தன. சிரோசிஸ் என்பது ஈரல் வடுப்பட்டு இறுகிப்போவது. குடித்துக் குடித்து ஐம்பது வயதில் வருகிற நிலை அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வயதில் வந்தது. தமிழ்நாட்டில் இந்த நோயின் பயம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஒரு சாட்சி, குழந்தைகளின் ஈரல் நோய்க்கென்றே சென்னையில் தயாராகி வீட்டுக்கு வீடு பெயர் தெரிந்திருந்த ஜம்மி லிவர் க்யூர்.

ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்தார்கள். அதனால் இது பரம்பரை நோய் என்று பலர் நினைத்தார்கள். வீடுகளில் என்ன கதைத்திருப்பார்கள், யாரைக் குற்றம் சொல்லியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. எங்கட சனத்தை எங்களுக்குத் தெரியும்தானே. வைத்தியர்கள் தங்கள் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள்: சத்துக்குறைவு, வைரஸ், நாட்டு மருந்து. 1970களில் மைசூரில் நடந்த ஆய்வுகள் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையில் உருவாகும் அஃப்லாரொக்சின் நஞ்சைக் காட்டின. எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. சத்துக்குறைவுதான் காரணமென்றால் ஏழை வீடுகளில்தானே நோய் கூட வரவேண்டும்? ஆனால் இது ஓரளவு வசதியான, பசு எருமை வைத்திருந்த இந்துக் குடும்பங்களில்தான் கூடுதலாகத் தெரிந்தது.

திருப்பம் ஒரு சாயத்திலிருந்து வந்தது. ஓர்சீன் என்ற அந்தப் பழுப்புச் சாயத்தை ஈரல் துணுக்குகளில் ஹெபற்றைற்றிஸ் பி வைரஸின் தடத்தைப் பார்க்கப் பயன்படுத்துவார்கள். செம்பைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தையும் அது நிறமூட்டிக் காட்டும். 1978ல் பேர்னார்ட் போர்ட்மன், ஸ்டுவர்ட் ரனர் முதலானவர்கள் இந்த நோயால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் ஈரல் கலங்களில் அந்த மணிகள் நிறைந்திருப்பதை அறிவித்தார்கள். அடுத்த வருடம் ஈரலில் இருந்த செம்பை நேரடியாகவே அளந்தார்கள். உலர்ந்த ஈரலின் ஒரு கிராமில் 50 மைக்ரோகிராம் வரை செம்பு இருப்பது வழமை. இந்தப் பிள்ளைகளின் ஈரலில் அது ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணமாக இருந்தது.

அவ்வளவு செம்பு பால் குடிக்கிற பிள்ளைக்கு எங்கேயிருந்து வந்தது? புனேயில் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகிய குழந்தை வைத்தியர்கள் ரனரோடு சேர்ந்து செய்த வேலை எங்களுக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த பகுதி. ஆய்வுகூடக் கருவியை விட்டுவிட்டுக் குசினிக்குள் போனார்கள். பிள்ளைக்கு எப்போது மாட்டுப்பால் கொடுக்கத் தொடங்கினீர்கள், எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினீர்கள், எதில் ஊற்றி வைத்தீர்கள் என்று தாய்மாரிடம் கேட்டார்கள். நோய் வந்த பிள்ளைகளின் வீட்டையும் வராத பிள்ளைகளின் வீட்டையும் சோடி சோடியாக ஒப்பிட்டார்கள். நோய் வந்த வீடுகளில் பசுப்பாலோ எருமைப்பாலோ நேரத்தோடேயே தொடங்கப்பட்டிருந்தது. அந்தப் பால் பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைக்கப்பட்டிருந்தது. 1983லும் 1987லும் இந்த முடிவுகள் வெளிவந்தன. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் பாத்திரத்திலிருந்து செம்பை இழுத்துத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும் என்பது பின்னர் பரிசோதனையிலும் தெரிந்தது. அம்மம்மாவின் புளி விதி இங்கே உதவவில்லை. பாலுக்குப் புளிப்புத் தேவைப்படவில்லை.

தாய்ப்பாலில் செம்பு மிகக் குறைவு. அதற்குக் காரணமும் இருக்கிறது. பிறக்கும்போதே குழந்தையின் ஈரல் தாயிடமிருந்து வாங்கிய செம்பை நிறையச் சேமித்து வைத்திருக்கிறது. மிச்சத்தைப் பித்தத்தோடு வெளியேற்றும் வேலை அதற்கு இன்னும் சரியாகப் பழகவில்லை. அந்த நேரத்தில் போய்ப் பித்தளைச் செம்பில் காய்ச்சிய பாலை ஊட்டினால் சேமிப்பு நிரம்பி வழியத்தான் செய்யும்.

சரி, வழிந்த செம்பு ஈரலை என்ன செய்கிறது? இங்கேதான் போத்தல் பெட்டியில் இருந்த ஒட்சியேற்ற எதிரி வருகிறது. உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். செம்பு ஒரு இலத்திரனைக் கொடுத்துக் கொடுத்து வாங்கக்கூடியது. அதனாலேயே உடம்புக்கு அது தேவை. ஒருநாளைக்கு வளர்ந்த ஒருவருக்கு ஒரு மில்லிகிராம் அளவு போதும். கட்டுப்பாடில்லாமல் அலையும் செம்பு கலத்துக்குள் சாதாரணமாக உருவாகும் ஐதரசன் பேரொட்சைட்டை உடைத்து ஐதரொட்சில் மூலிகத்தை உண்டாக்கும். அந்த மூலிகம் பக்கத்தில் எது இருந்தாலும் தாக்கும். கலத்தின் சவ்வில் இருக்கும் கொழுப்பைத் தாக்கினால் அது சங்கிலிபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். எண்ணெய் காறிப்போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், உயிருள்ள கலத்துக்குள் நடக்கும் காறல்.

ஈரல் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அதன் பாதுகாப்பில் பெரும்பகுதி கந்தகத்தில் இருக்கிறது. குளுற்றாதயோன் என்ற சின்ன மூலக்கூறு தன் கந்தக நுனியால் மூலிகங்களை அடக்கும், செம்பையும் பிடிக்கும். மெற்றலோதயோனீன் என்ற புரதத்தை 1957ல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டுபிடித்தார்கள். அறுபது சொச்சம் அமினோ அமிலங்களில் இருபது கந்தகம் உள்ளவை. உலோகத்தை அள்ளிக்கட்டி வைக்கவே செய்ததுபோல ஒரு புரதம். சவ்வுக்குள் கொழுப்புச் சங்கிலியை அறுப்பது விற்றமின் ஈயின் வேலை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1938ல் கேம்பிரிட்ஜில் மானும் கெய்லினும் மாட்டு இரத்தத்திலிருந்து செம்பு உள்ள ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது எதற்கு என்று முப்பது வருடம் யாருக்கும் விளங்கவில்லை. 1969ல் மெக்கோர்டும் ஃபிரிடோவிச்சும்தான் அது ஒட்சிசன் மூலிகத்தை அழிக்கும் நொதியம் என்று காட்டினார்கள். கட்டிப்போட்ட செம்பு காவலாளி, அவிழ்த்துவிட்ட செம்பு கள்ளன்.

மருந்தின் வரலாறும் கந்தகத்தின் வழியாகத்தான் போகிறது. செம்பு உடம்பில் தேங்கும் பரம்பரை நோய் ஒன்று வேறு இருக்கிறது. ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு வரும். 1912ல் லண்டன் நரம்பியல் வைத்தியர் சாமுவேல் கின்னியர் வில்சன் விவரித்ததால் வில்சன் நோய் என்கிறார்கள். ஈரலும் மூளையும் சேர்ந்து கெடும். கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் விழும். செம்புதான் குற்றவாளி என்று ஜோன் கமிங்ஸ் உறுதியாகச் சொல்ல 1948 ஆனது. அதற்குக் கொடுத்த முதல் மருந்து யுத்தத்திலிருந்து வந்தது. லூயிசைட் என்ற ஆர்சனிக் நச்சுவாயுவுக்கு எதிராக இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒக்ஸ்ஃபோர்டில் ருடொல்ஃப் பீற்றர்ஸ் குழு செய்த பால் என்ற மருந்து அது. (ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள், எங்கள் பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இரண்டு கந்தகக் கைகளால் உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும். எண்ணெயில் கலந்து தசையில் குத்த வேண்டும், பயங்கர நோ. வாழ்நாள் முழுக்க யார் அதைத் தாங்குவது?

ஜோன் வோல்ஷ் என்ற இளம் வைத்தியர் லண்டனில் வேலை செய்தபோது, பெனிசிலின் எடுத்த ஈரல் நோயாளிகளின் சிறுநீரில் பெனிசிலமீன் என்ற பொருளைக் கண்டிருந்தார். அது கந்தகம் உள்ள ஒரு அமினோ அமிலம். 1955 அளவில் அமெரிக்காவின் பொஸ்டனில் ஒரு வில்சன் நோயாளியைப் பார்த்தபோது அது ஞாபகம் வந்தது. இதன் அமைப்பு செம்பைப் பிடிக்கும், வாயாலும் கொடுக்கலாம் என்று யோசித்தார். முதலில் ஒரு கிராமைத் தானே விழுங்கிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு நோயாளிக்குக் கொடுத்தார், சிறுநீரில் செம்பு கொட்டியது. 1956ல் அந்தக் கட்டுரை வந்தது. இருபதுகளுக்குள் செத்துப்போக இருந்தவர்கள் பிள்ளை பெற்று வாழ்ந்தார்கள். பின்னாளில் அதே பெனிசிலமீனைப் புனேயின் குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் வருவதற்கு முன் தொடங்கியவர்களில் பலர் தப்பினார்கள். பிந்தி வந்தவர்களுக்கு அதுவும் உதவவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த மருந்துகள் செம்பை வெளியே கொண்டுபோகின்றன. செம்பை உள்ளே விட்டுவிட்டு அது செய்யும் சேதத்தை மட்டும் தடுக்க முடியுமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 1990ல் அமெரிக்காவின் ரொனால்ட் சோக்கோல் குழு எலிகளுக்குச் செம்பு கூடிய உணவு கொடுத்துப் பார்த்தது. ஈரல் கலங்களின் இழைமணிகளில் கொழுப்புக் காறியிருந்தது. விற்றமின் ஈ இல்லாத எலிகளில் ஒட்சியேற்றச் சேதம் கூடியது. 1994ல் வில்சன் நோயாளிகளின் ஈரலிலும், செம்பு தேங்கும் பரம்பரைக் குறை உள்ள பெட்லிங்டன் ரெரியர் என்ற நாயினத்தின் ஈரலிலும் அதே சேதத்தை அவர்கள் காட்டினார்கள். ஆக, இரசாயனம் உண்மை. விற்றமின் ஈ குறைந்தால் ஈரலுக்குக் கேடு என்பதும் உண்மை. ஆனால் கூடுதலாகக் கொடுத்தால் செம்பு நிறைந்த ஈரல் தப்பிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. விளம்பரக்காரர் தாண்டுவது இந்த இடைவெளியைத்தான்.

ஜப்பானில் ஹொக்கைடோவில் வளர்த்த ஒரு எலியினம் இருக்கிறது. வில்சன் நோயாளிகளிடம் பழுதாகும் அதே பரம்பரையலகு அதற்கும் பழுது. நாலு மாதமளவில் மஞ்சள் வந்து பல எலிகள் சாகும், தப்பியவற்றுக்குப் பிறகு ஈரல் புற்றுநோய் வரும். பெனிசிலமீன் கொடுத்தபோது மஞ்சள் வரவில்லை. மஞ்சளிலுள்ள குர்குமினையும் இதே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2003ல் வந்தது. எங்கள் குசினியின் பெருமை, ஒட்சியேற்ற எதிரி என்று பேர் எடுத்தது. ஈரல் புற்றுநோயை அது தடுக்கவில்லை. மஞ்சள்மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை, மீன்குழம்புக்கு அது வேணும்.

நாகத்தின் கதை இதற்கு நடுவில் நிற்கிறது. வில்சன் நோயாளிகளுக்கு இன்று நாக மாத்திரை கொடுக்கிறார்கள். அது குடல் கலங்களில் மெற்றலோதயோனீனைக் கூட்டுகிறது. உணவிலுள்ள செம்பு அங்கேயே பிடிபட்டு, அந்தக் கலங்கள் உதிரும்போது மலத்தோடு போய்விடுகிறது. உடம்பின் சொந்தக் காவல் புரதத்தைத் தூண்டிவிடுகிற மருந்து. ஆனாலும் அது செய்வது செம்பை வாசலில் மறிக்கிற வேலைதான்.

இந்தியக் குழந்தைகளின் நோய் எப்படி முடிந்தது? எவர்சில்வர் வந்தது. அலுமினியம் வந்தது. பித்தளையில் பால் காய்ச்ச வேண்டாம் என்ற செய்தியும் ஊர்களுக்குப் போனது. 1990களுக்குள் நோய் மிக அரிதாகிவிட்டது. இப்போது படித்துவரும் குழந்தை வைத்தியர்கள் பலருக்கு அது பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கும் நோய். எங்கள் வீடுகளிலும் பித்தளைக் குடத்தைக் கொடுத்துச் சில்வர் குடம் வாங்கியதை நட்டக் கணக்காகவே பெரியவர்கள் சொல்வார்கள். பழைய பொருளில் ஏக்கம் இருப்பது நியாயம். ஆனால் அந்த மாற்றத்தின் கணக்கில் இந்தியாவில் உயிர் தப்பிய பிள்ளைகளையும் சேர்க்கத்தான் வேண்டும்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கதையுமில்லை. ஒஸ்திரியாவின் மேற்கு மலைப்பகுதியான திரோலில் 1900க்கும் 1974க்கும் இடையில் 138 குழந்தைகளுக்கு இதே மாதிரி ஈரல் நோய் வந்ததை 1996ல் ஒரு குழு எழுதியது. அங்கேயும் மாட்டுப்பால், அங்கேயும் வெள்ளீயம் பூசாத செம்புப் பாத்திரம். பாத்திரம் மாறியது, 1974க்குப் பிறகு நோய் இல்லை. குடும்ப மரங்களைப் பார்த்தபோது, குறிப்பிட்ட பரம்பரையலகு உள்ள பிள்ளைகளுக்கே வந்திருக்கலாம் என்றும் தெரிந்தது. ஆக, பரம்பரை என்று முதலில் சந்தேகப்பட்டவர்களும் முழுப் பிழை இல்லை. குழாய்த் தண்ணீரில் லீற்றருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருந்த மசசூசெற்ஸ் ஊர்களில் குழந்தைகள் ஈரல் நோயால் சாகவில்லை என்று 1994ல் வந்த ஆய்வும் அதையே காட்டியது. செம்பு முதற்காரணமே அல்ல என்று வாதாடிய இந்திய நோயியலாளர்களும் உண்டு. எங்களுக்கு அவர்களின் வாதத்தைவிடப் பாத்திரம் போனதும் நோய் போனது என்ற உண்மை பாரமாகத் தெரிகிறது. இரண்டு நாடுகளில், இரண்டு தடவை.

இனிப் போத்தலுக்கு வருவோம். பச்சைத் தண்ணி புளிப்பில்லாதது, கேசீனும் இல்லை. 2012ல் பெங்களூரில் செம்புக் குடத்தில் தண்ணீரை 16 மணிநேரம் வைத்துப் பார்த்தபோது வயிற்றோட்டக் கிருமிகள் செத்தன. தண்ணீரில் கரைந்த செம்பு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு வெகு கீழேயே இருந்தது. கிருமி கொல்லும், அதை ஒத்துக்கொள்கிறோம். ஈரலைச் சுத்தமாக்கும் என்பதற்குத்தான் நாங்கள் வாசித்த எதிலும் இடமில்லை. தோழியிடம் இதைச் சொன்னோம். போத்தலை எறியவில்லை, எறியச் சொல்லவும் இல்லை. தேசிக்காய்த் தண்ணி மட்டும் அதில் விடுறேல்ல எண்டு முடிவு. அவவின் அக்காவுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கு. பால்மாவை அந்தப் போத்தலில் கரைச்சு எடுத்துக்கொண்டு போனா சூடு நிக்கும் எண்டு வீட்டில ஒரு யோசனை ஓடியதாம். அன்றிரவே அக்காவுக்கு ஃபோன் எடுத்தா.